ஃப்ளெட்சர் நாசகாரியின் படகுகள்: அம்பு, நட்சத்திரம், எண் - எது எந்தப் படகுக்கு?

கேள்வி: கலம்96

வணக்கம் நண்பர்களே. 1/96 அளவில் ஃப்ளெட்சர் வகுப்பு அமெரிக்க நாசகாரியின் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட காலம் 1960களின் தொடக்கம். மேல்தள வேலை பெரும்பாலும் முடிந்து, இப்போது படகுகளில் நிற்கிறது.

பெட்டியில் 26 அடி மோட்டார் வேல்போட் இரண்டு ரெசினில் வந்திருக்கின்றன. டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) தாளில் வெள்ளி நிற அம்புகள், ஒன்று முதல் நான்கு வரை நட்சத்திரத் தொகுதிகள், வெள்ளி எழுத்துகள், கறுப்பு எண்கள் எல்லாம் உண்டு. பித்தளை எட்சிங் தாளில் படகுக் கொடிக்கம்பத்தின் உச்சிக்கு ஐந்து உருவங்கள்: கழுகு, கோடரி, உருண்டை, நட்சத்திரம், தட்டையான வட்டு. எதை எங்கே வைப்பது என்று குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. பெட்டியின் படத்தில் மட்டும் ஒரு படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், இரண்டு நட்சத்திரங்கள் தெரிகின்றன.

தெரிய வேண்டியவை மூன்று. அணியத்தில் என்ன எழுதுவது? கம்பத்தின் உச்சியில் எது? டேவிட்டில் (படகைத் தூக்கி இறக்கும் கைகளில்) தொங்கும் படகில் என்னென்ன கயிறுகள் இருக்க வேண்டும்? கப்பலில் ஸ்குவாட்ரன் தளபதியும் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

---

பதில்: நங்கூரம்

முதலில் அந்த நட்சத்திரங்களை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கப்பலில் அவற்றுக்கு வேலையே இல்லை. பெட்டிப் படம் தவறு.

அமெரிக்கக் கடற்படையில் படகின் அடையாளத்தைத் தீர்மானிப்பது அதன் நீளமோ வகையோ அல்ல; அது யாருடைய உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். ஒரே 26 அடிப் படகு இன்று கேப்டனுக்கு ஒதுக்கப்பட்டால் கிக், ஒதுக்கீடு மாறினால் சாதாரண வேல்போட். அதனால் ஒவ்வொரு படகுக்கும் முதலில் உரியவர் யார் என்று முடிவுசெய்துகொண்டு, அதற்குப் பிறகு டீக்காலைத் தொடுங்கள்.

அட்மிரல் அந்தஸ்து அதிகாரியின் சொந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது பார்ஜ். அதன் உடல் மரபாகவே கறுப்பு. அணியத்தின் இரு பக்கமும் குரோம் நட்சத்திரங்கள் இருக்கும்; அவருடைய கொடியில் எப்படி அடுக்கப்பட்டிருக்குமோ அதே அடுக்கு. இரண்டு என்றால் ஒன்றின்கீழ் ஒன்று, மூன்று என்றால் முக்கோணம், நான்கு என்றால் சாய்சதுரம். தோள்பட்டையில் உள்ளதுபோல வரிசையாக ஒட்டிவிடுவது மாதிரிக்கப்பல்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. பார்ஜின் பின்பலகையில் அவருடைய தலைமையகத்தின் சுருக்கப் பெயர் தங்க எழுத்தில் வரும், எடுத்துக்காட்டாக சின்க்பேக்ஃப்லீட் (பசிபிக் கடற்படைத் தலைமைத் தளபதியின் அன்றைய சுருக்கப் பெயர்). அணியத்தில் கப்பல் எண் கிடையாது.

கப்பலின் கேப்டனுக்கு ஒதுக்கப்பட்டது கிக். அதன் அணியத்தில் கப்பலின் வகையும் உடல் எண்ணும் குரோம் எழுத்தில் இருக்கும். அந்த எழுத்துகளை ஊடுருவி ஒரு குரோம் அம்பு முன்பின்னாக ஓடும். உங்கள் தாளில் உள்ள வெள்ளி அம்பு இதற்குத்தான்.

அட்மிரல் அந்தஸ்து இல்லாத தலைமை அலுவலருக்கு, அதாவது ஒரு தளபதியின் சீஃப் ஆஃப் ஸ்டாஃபுக்கு ஒதுக்கப்பட்ட படகிலும் அம்பு உண்டு. ஆனால் அங்கே கப்பல் எண்ணுக்குப் பதிலாகத் தலைமையகத்தின் சுருக்கப் பெயர். அதே தலைமையகத்தின் மற்ற அதிகாரிகள் போய்வரும் படகில் பித்தளை எழுத்து மட்டுமே, அம்பு இல்லை.

இனி உங்கள் ஸ்குவாட்ரன் தளபதி. அவர் அட்மிரல் அல்ல, ஆனால் ஒரு பிரிவுக்குத் தலைவர். அவருக்கென்று படகு ஒதுக்கினால் அணியத்தில் அவருடைய கட்டளைக் கொடியின் சிறு உருவம் வரும், அதன்மேல் ஸ்குவாட்ரன் எண். ஸ்குவாட்ரன் தலைவரின் கொடி நீலமும் வெள்ளையும். டிவிஷன் தலைவருடையது சிவப்பும் வெள்ளையுமாகப் புறாவால் போலப் பிளந்தது. உங்கள் தாளில் இது இல்லையென்றால் கையால் வரைந்துகொள்வது கடினமல்ல, 1/96-ல் நகக்கண் அளவுகூட வராது.

சாதாரண வேல்போட்டுக்கு அணியத்தில் கறுப்புப் பெயின்ட் எழுத்து மட்டும். கப்பலின் வகை, எண் அல்லது பெயரின் முதலெழுத்துகள், பிறகு ஒரு கோடு, பிறகு படகின் வரிசை எண். எண்டர்பிரைஸ் கப்பலின் முதல் படகு ‘இஎன்டி-1’ என்று எழுதப்படும். இதுதான் வழக்கமான மாதிரி. இதே எழுத்து பின்பலகையிலும் வரும், வேல்போட்டில் மட்டும் வராது. காரணம் எளிது: வேல்போட்டின் இரு முனையும் கூர்மை, எழுதுவதற்குப் பின்பலகையே இல்லை. பின்முனையில் எழுத்து ஒட்டிய வேல்போட் எங்கே கண்டாலும் அது பிழை.

துறைமுகத்தில் கயிறு பிடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் வைத்திருக்கும் சதுர மூக்குப் பன்ட், வெரி எனப்படும் சிறு துடுப்புப் படகு போன்றவற்றுக்கு வெறும் எண் போதும்.

எனவே உங்களுக்கு: ஒன்று கிக், குரோம் எழுத்தும் அம்பும், மற்றொன்று கறுப்பு எழுத்து வேல்போட். ஸ்குவாட்ரன் தளபதிக்குத் தனிப் படகு காட்ட விரும்பினால் இரண்டாவதை அவருக்குக் கொடுத்துக் கொடி உருவத்தைப் போடுங்கள். ஒரே படகில் அம்பையும் கொடி உருவத்தையும் சேர்த்துவிடாதீர்கள்.

அம்பின் திசையில் கவனம் தேவை. கூர் எப்போதும் அணியம் பார்த்தே இருக்கும். இடப்பக்கத்தை நேராகப் பார்த்தால் அணியம் நம் இடக்கையில் வரும். அங்கே எழுத்தின் முதலெழுத்து அணியத்துக்கு அருகில், அம்பு எழுத்தின் போக்குக்கு எதிராகப் பாயும். வலப்பக்கத்தில் கடைசி இலக்கம் அணியத்துக்கு அருகில், அம்பு எழுத்தோடு சேர்ந்து பாயும். டீக்கால் தாளில் இரண்டு அம்பும் ஒரே பக்கம் பார்த்தபடி அச்சிட்டிருந்தால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். எழுத்தோடு சேர்த்து அச்சாகியிருந்தால் வெட்டித் தனியாகப் பிரித்தாக வேண்டும்.

---

பதில்: சுக்கான்

நங்கூரம் சொன்னது அணியம். கம்பத்தின் உச்சிக்கு வேறு கணக்கு. அணியத்தில் இருப்பது படகு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். கம்பத்தின் உச்சி அந்த நேரத்தில் படகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லும். அதனால் ஒரே படகில் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று இருக்கலாம்.

விரித்த சிறகுக் கழுகு, 19 அல்லது அதற்கு மேற்பட்ட பீரங்கி மரியாதைக்கு உரியவருக்கு. ஜனாதிபதிக்கு 21, கடற்படைச் செயலாளருக்கு 19, கடற்படை நடவடிக்கைகளின் தலைவருக்கும் 19.

நீங்கள் கோடரி என்று குறிப்பிட்டது ஹால்பெர்ட், ஈட்டியும் கோடரியும் சேர்ந்த பழைய ஆயுதம். 19-க்குக் குறைவான மரியாதை பெறும் கொடி அதிகாரிகளுக்கு இது. அட்மிரலுக்கு 17, வைஸ் அட்மிரலுக்கு 15, ரியர் அட்மிரலுக்கு 13 என்பதால் இவர்கள் எல்லோரும் இதில் அடங்குவார்கள். 11 முதல் 18 வரை பெறும் அரசு அலுவலர்களுக்கும் இதுவே.

கேப்டன் தரத்துக்கு உருண்டை. கமாண்டர் தரத்துக்கு நட்சத்திரம். அதற்குக் கீழே எல்லோருக்கும் தட்டை வட்டு.

கழுகின் முகமும் ஹால்பெர்ட்டின் வெட்டும் விளிம்பும் படகின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். எட்சிங் துண்டு தட்டையானது, ஒட்டும்போது குறுக்காகத் திரும்பிவிடும். அதைக் கவனியுங்கள்.

இப்போது பலர் தடுக்கி விழும் இடம். கப்பலின் தலைவரை எல்லோரும் ‘கேப்டன்’ என்றே கூப்பிடுவார்கள், அது பதவி. தரம் வேறு. ஃப்ளெட்சர் போன்ற நாசகாரியின் தலைவர் வழக்கமாகக் கமாண்டர் தரம். ஆகவே அவர் கிக்கில் ஏறினால் உச்சியில் நட்சத்திரம், உருண்டை அல்ல. உங்கள் ஸ்குவாட்ரன் தளபதி கேப்டன் தரம்; அவர் ஏறினால்தான் உருண்டை.

பின்கம்பத்தில் தேசியக் கொடி. அது எந்நேரமும் பறக்காது: அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் பகல் நேரத்தில் படகு ஓடும்போது, கப்பல்கள் கொடியலங்காரத்தில் இருக்கும்போது, அந்நியக் கப்பலை நெருங்கும்போது, அதிகாரி ஒருவர் அலுவல்முறைப் பயணமாகப் படகில் இருக்கும்போது என்று விதி இருக்கிறது. அலுவல்முறைப் பயணத்தில் அணியத்திலும் ஒன்று பறக்கும். அட்மிரலுக்குத் தனிக்கொடி, பிரிவுத் தலைவருக்குக் கட்டளைக் கொடி, இரண்டுக்கும் உரிமை இல்லாத கப்பல் தலைவருக்கு மெல்லிய கமிஷன் பென்னன்ட். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஏறியிருந்தால் மூத்தவருடையது மட்டும்.

இருட்டில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கப்பலிலிருந்து காவல் ஆள் ‘போட் அஹோய்’ என்று குரல் கொடுப்பார். படகை ஓட்டும் காக்ஸ்வைன் படகில் இருக்கும் மூத்தவருக்கு ஏற்றபடி பதில் சொல்வார். ஜனாதிபதி என்றால் ‘யுனைட்டட் ஸ்டேட்ஸ்’. ஒரு கப்பலின் தலைவர் என்றால் அந்தக் கப்பலின் பெயர். மற்றக் கமிஷன் அதிகாரி என்றால் ‘ஐ, ஐ’. பயிற்சி அதிகாரியான மிட்ஷிப்மேன் என்றால் ‘நோ, நோ’. மாலுமிகள் மட்டும் என்றால் ‘ஹலோ’. இந்தக் கப்பலுக்கு வரவில்லை, கடந்து போகிறோம் என்றால் ‘பாசிங்’. மேலே உள்ளவர்கள் வரவேற்புக்கு ஆளைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவுசெய்வது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

---

கலம்96

நன்றி நங்கூரம், நன்றி சுக்கான். அப்படியானால் கிக்கின் அணியத்தில் நட்சத்திரம் கூடாது, கம்பத்தின் உச்சியில் நட்சத்திரம் உண்டு. சரிதானே? கப்பலைக் கடலில் ஓடும் நிலையில்தான் வைக்கப் போகிறேன். படகுகள் டேவிட்டிலேயே இருக்கும்.

---

பதில்: சுக்கான்

சரி. ஆனால் கடலில் ஓடும் நிலை என்றால் கம்பமே வேண்டாம். தூக்கிக் கட்டிய படகில் கொடிக்கம்பங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். நட்டபடி விட்டால் தூக்குக் கயிற்றில் சிக்கும், உடையும். உச்சி உருவங்களைக் காட்ட ஆசையிருந்தால் துறைமுகக் காட்சி வையுங்கள்: கப்பலின் பக்கத்திலிருந்து குறுக்காக வெளியே நீட்டிய படகுத் தூலம், அதிலிருந்து தொங்கும் கயிற்றேணி, கீழே கப்பல் பார்க்கும் திசையையே பார்த்தபடி கட்டிய படகு.

---

பதில்: கொக்கி

டேவிட், கயிறு பற்றிய கேள்விக்கு யாரும் போகவில்லை, அதனால் நான்.

முதலில் உங்கள் வரைபடத்தைப் பார்த்து டேவிட் எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே வகுப்புக் கப்பல்களிலும் பழுதுபார்ப்புகளுக்குப் பிறகு மாற்றங்கள் வந்திருக்கும். ரேடியல் என்பது வளைந்த உருண்டைக் கம்பி. தன் அச்சிலேயே சுழலும். அதில் படகின் ஒரு முனையை முதலில் வெளியே தள்ளி, பிறகு மறுமுனையைத் தள்ள வேண்டும். மெதுவானது, கடல் ஆடினால் ஆபத்தானது. கிரெசன்ட் என்பது பிறை வடிவக் கை; திருகுத் தண்டைக் கைப்பிடியால் சுற்றினால் கை வெளிப்பக்கம் சாயும். கிராவிட்டி வகையில் பிடியைத் தளர்த்தினாலே படகு தன் எடையால் வெளியே போய்விடும், இயந்திர விசை தேவையில்லை.

எந்த வகையானாலும் கடலில் ஓடும் கப்பலில் ஒரு படகு தயார்நிலை உயிர்காப்புப் படகு. ஆள் கடலில் விழுந்தால் இறங்குவது அதுதான். அதில் இருக்க வேண்டிய கயிறுகள் இவை.

தூக்குக் கயிறு முன்னும் பின்னும். கப்பிகள் இரண்டு, கீழ்க்கப்பியில் ரேமண்ட் கொக்கி. இந்தக் கொக்கியின் நாக்கில் எடை கூட்டியிருப்பார்கள். படகு நீரில் மிதந்து கயிறு தளர்ந்ததும் நாக்கு தானாகச் சாய்ந்து விடுபடும். திரும்ப மாட்டும்போது எடை ஏறும்வரை அது சாயாமல் ஒரு சிறு கயிற்றால் இழுத்துப் பிடிப்பார்கள். 1/96-ல் அந்தச் சிறு கயிறு மெல்லிய நூலாக நன்றாகத் தெரியும்.

படகைப் பக்கவாட்டில் இறுக்கும் பட்டைகள், அதாவது கிரைப். படகின் வெளிப்பக்கத்தைச் சுற்றி வந்து முடியும் இடத்தில் ஒரே தட்டில் விடுபடும் பெலிகன் கொக்கி இருக்கும். படகைத் தொடும் இடத்தில் மெத்தை வைத்திருப்பார்கள். இந்தப் பட்டை இல்லாமல் டேவிட்டில் தொங்கும் படகு, முதல் அலையிலேயே கப்பல் பக்கத்தில் மோதித் தன்னை உடைத்துக்கொள்ளும். மாதிரிக்கப்பலில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

இரண்டு டேவிட் தலைகளையும் இணைக்கும் ஒரு கம்பிக் கயிறு. அதிலிருந்து முடிச்சுப்போட்ட கயிறுகள் படகுக்குள் தொங்கும், ஆளுக்கு ஒன்று. படகு இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் கயிற்றைப் பிடித்திருப்பார். தூக்குக் கயிறு ஒன்று அறுந்து படகு ஒரு முனையில் தொங்கினால் உயிர் அந்தக் கயிற்றில் இருக்கும். முடிச்சுகளை நூலில் போட முடியாவிட்டால் வெள்ளைப் பசையை ஊசிமுனையால் புள்ளி வைத்து, காய்ந்ததும் நூல் நிறத்தைப் பூசினால் போதும்.

கடைசியாக சீ பெயின்ட்டர். இது படகுக்கு வெகு முன்னாலிருந்து, கப்பலின் பக்கத்தில், எல்லாக் கம்பிகளுக்கும் தூண்களுக்கும் வெளியே வந்து படகின் முன்பகுதியில் கப்பலை ஒட்டிய பக்கத்தில் கட்டப்படும். அணிய நுனியில் கட்டக் கூடாது. ஓடும் கப்பல் இந்தக் கயிற்றால் படகை இழுத்துக்கொண்டு போகும். சுக்கானைக் கொஞ்சம் திருப்பினால் படகு கப்பலை விட்டு விலகி நிற்கும். உள்பக்கத்தில் கட்டியிருப்பதால்தான் அது விலகுகிறது. முடிச்சுக்குப் பதிலாக மரமுளை செருகியிருப்பார்கள், இழுத்ததும் விடுபடும்.

இறக்கும்போது பின்கொக்கி முதலில், முன்கொக்கி பிறகு. மாட்டும்போது முன்கொக்கி முதலில், பின்கொக்கி பிறகு. கப்பல் முன்னோக்கி நகர்கிறது. முன்கொக்கியை முதலில் விட்டால் படகு பின்முனையில் மட்டும் பிடிபட்டு, நீரின் வேகத்தில் குறுக்காகத் திரும்பிக் கவிழும்.

இன்னொரு சிறு விஷயம். படகின் அடியில் வடிகால் துளை ஒன்று இருக்கும், அதற்கு ஓர் அடைப்பான். தயார்நிலைப் படகில் அடைப்பான் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீரைத் தொட்டதுமே நிரம்பும். மற்றப் படகில் கழற்றி வைப்பார்கள், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி அந்த எடை முழுவதும் டேவிட்டில் ஏறும். தயார்நிலைப் படகின் மேல் கித்தான் மூடி போடக் கூடாது. மற்றதைத் தாராளமாக மூடலாம், உள்ளே செய்ய வேண்டிய வேலையும் மிச்சம்.

---

பதில்: பாய்ச்சுருள்

கேள்விக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன். இந்த இழையைத் தேடி வருபவர்கள் எல்லோரும் நாசகாரி கட்டுபவர்களாக இருக்க மாட்டார்கள்.

பேட்டில்ஷிப் எனப்படும் பெரும் போர்க்கப்பலிலும் விமானந்தாங்கியிலும் படகு வகை கூடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாலுமிகளைக் கும்பலாகக் கரைக்குக் கொண்டுபோனது 40 அடி, 50 அடி மோட்டார் லாஞ்ச். பின்னால் அந்த இடத்தை அதே நீளங்களில் யுடிலிட்டி படகு பிடித்தது. திறந்த உடல், நடுவில் இயந்திரம், ஆளும் ஏறலாம் சரக்கும் ஏறலாம். பெர்சனல் படகு என்பது வேறு. அதற்கு மூடிய அறை உண்டு; 26, 33, 40 அடிகளில் வந்தது. அதிகாரிகளின் போக்குவரத்துக்கும், பார்ஜாகவும் கிக்காகவும் ஒதுக்குவதற்கும் இதுவே பொருத்தம். அறையில்லாத யுடிலிட்டி படகில் நட்சத்திரம் ஒட்டிய மாதிரிகளைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

பெட்டியில் வந்த படகு சரியான நீளமா என்று அளந்து பார்க்க: 1/350-ல் 26 அடி என்பது 22.6 மி.மீ., 33 அடி 28.7, 36 அடி 31.4, 40 அடி 34.8, 50 அடி 43.5 மி.மீ. உங்கள் 1/96-ல் 26 அடி 82.5 மி.மீ. வர வேண்டும். ரெசின் வார்ப்பு குளிரும்போது சுருங்கும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் கவலை வேண்டாம், ஐந்து குறைந்தால் அது வேறு படகு.

தாக்குதல் போக்குவரத்துக் கப்பல்களின் தரையிறங்கு படகுகளுக்கு எழுத்துமுறை தனி. 36 அடி எல்சிவிபி, முன்பக்கம் சரிவுப்பலகை இறங்கும் ஹிக்கின்ஸ் படகு, 36 வீரர்களை ஏற்றும். ஒரு கப்பலில் இவை இருபதுக்கும் மேல் இருக்கும், கடற்கரையில் எல்லாக் கப்பல்களின் படகுகளும் கலந்துவிடும். எந்தப் படகு எந்தக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதனால் எழுத்து பெரிது. 1944 ஜூன் 6 நார்மண்டிப் படங்களில் ‘பிஏ 26’ என்று தொடங்கி ஒரு கோட்டுக்குப் பிறகு படகு எண் இருந்தால் அது சாமுவேல் சேஸ் கப்பலுடையது. அதன் எண் ஏபிஏ-26, முதல் எழுத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம்.

இன்றைய கப்பல் கட்டுபவர்களுக்கு வேலை சுலபம். ஆர்லே பர்க் வகுப்பு அமெரிக்க நாசகாரியில் வலப்பக்கம் இரண்டு 7 மீட்டர் ரிப் படகுகள்: கண்ணாடியிழை அடியுடல், சுற்றிலும் காற்றுக்குழாய், டீசல் இயந்திரம். பெட்ரோல் வேண்டாம் என்பதற்குக் காரணம் தீ. கப்பலில் பெட்ரோலைச் சேமிப்பதே ஒரு தலைவலி, டீசல் என்றால் தொட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒற்றைக் கொக்கியில் தூக்குவதால், மேலே ‘கொக்கி’ என்ற நண்பர் சொன்ன முன்பின் கணக்கும் இங்கே இல்லை. 1/350-ல் 7 மீட்டர் என்பது சரியாக 20 மி.மீ.

---

கேள்வி: கரைவிளக்கு

இடையில் ஒரு சந்தேகம். வணிகக் கப்பல் உயிர்காப்புப் படகில் கப்பல் பெயர், பதிவுத் துறைமுகம், ஆள் கொள்ளளவு எல்லாம் அணியத்தில் எழுதியிருக்குமே. கடற்படைப் படகுக்கு அது வேண்டாமா? பிரிட்டிஷ் கப்பல்களிலும் இதே அம்பும் நட்சத்திரமும்தானா?

---

பதில்: நங்கூரம்

நீங்கள் சொல்வது சர்வதேச உயிர்காப்பு விதிப்படி வணிகக் கப்பலுக்கு. வரிசை எண்ணும் அங்கே முன்னாலிருந்து பின்னாக, வலப்பக்கம் ஒற்றைப்படை, இடப்பக்கம் இரட்டைப்படை. போர்க்கப்பலுக்குப் பதிவுத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது, அதனால் அதை எழுதவே கூடாது. கொள்ளளவு உண்டு, ஆனால் அது படகின் உள்ளே ஒரு சிறு உலோகத் தகட்டில்: வகை, நீளம், பதிவு எண், எத்தனை பேர் ஏறலாம். அமைதியான நீருக்கான எண்ணிக்கை அது. கடல் கொந்தளித்தால் குறைத்துத்தான் ஏற்றுவார்கள். 1/96-ல் சுக்கான் பிடிக்கும் இடத்தருகே அரை மில்லிமீட்டர் வெள்ளித் துண்டு ஒன்று ஒட்டினால் அந்தத் தகடு வந்துவிடும்.

பிரிட்டிஷ் முறை வேறு. அங்கே படகின் அணியத்தில் கப்பலின் சின்னமே சிறிய அளவில் பதிக்கப்படும். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் சின்னங்களை முறைப்படுத்தியபோது பேட்டில்ஷிப்புக்கு வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம், மற்றவற்றுக்குச் சாய்சதுரம் என்று வடிவம் பிரித்தார்கள். பின்னாளில் எல்லா வகைப் போர்க்கப்பல்களுக்கும் வட்டம் ஆனது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலக் கப்பல் கட்டுபவர் இந்த வடிவத்தைத் தவறவிடக் கூடாது.

பிரிட்டிஷ் மாண்டேகு வேலர் 27 அடி, ஐந்து துடுப்பு, பாய்மரம், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகை, இருமுனையும் கூர்மை. 1/96-ல் அமெரிக்கப் படகுடன் நீள வித்தியாசம் 3 மி.மீ.தான். உதிரிப்பாகம் விற்பவர்கள் இரண்டையும் ‘வேலர்’ என்று ஒரே பொட்டலத்தில் போடுகிறார்கள். பார்த்து வாங்குங்கள்.

---

கலம்96

தெளிவாகிவிட்டது. இடப்பக்கம் கிக், வலப்பக்கம் தயார்நிலை வேல்போட் என்று வைக்கிறேன். கடைசியாக ஒன்று: அம்பை டீக்காலாகவே ஒட்டினால் குரோம் போலத் தெரிவதில்லை, சாம்பல் கோடு மாதிரி இருக்கிறது.

---

பதில்: நங்கூரம்

வெள்ளி அச்சு டீக்காலின் மேல் மேட் வார்னிஷ் அடித்தால் அப்படித்தான் ஆகும். வரிசையை மாற்றுங்கள்.

வேல்போட்டின் கறுப்பு எழுத்துக்கு வழக்கமான முறை: உடலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீக்கால், ஒட்டுத் திரவம், ஒருநாள் காயவிடுதல், கடைசியில் மேட். பளபளப்புப் பூச்சு இல்லாமல் சொரசொரப்பான மேட் பெயின்ட் மேலேயே ஒட்டினால் டீக்காலின் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகப் பூக்கும்.

கிக்குக்கு நேர் எதிர். மேட் வார்னிஷ் வரை படகை முழுவதும் முடித்துவிடுங்கள். அதன்பிறகு சுயஒட்டு அலுமினியத் தகட்டைப் புதிய பிளேடால் 0.3 மி.மீ. அகலத்தில் கீற்றாக வெட்டுங்கள், அது அம்பின் தண்டு. அம்பின் கூர்முனையைத் தனித் துண்டாக வெட்டி ஒட்டுங்கள். ஒரே துண்டில் வெட்டப் பார்த்தால் கழுத்தில் கிழியும். அசலில் 10 செ.மீ. உயர எழுத்து இங்கே 1 மி.மீ. என்பதால் எழுத்துக்கு உலர்-மாற்று வெள்ளி எழுத்துத் தாள் போதும். தண்டு எழுத்துகளின் நடு உயரத்தில் போகட்டும், முன்னும் பின்னும் சம அளவு நீட்டி நிற்கட்டும்.

தகடு விலகினால் சூப்பர் பசை வேண்டாம். அதன் ஆவி பட்டு உலோகம் வெண்மையாக மங்கிவிடும். நீர்த்த வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் விளிம்பில் ஓடவிடுங்கள், மிச்சத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். கிரைப் பட்டைகளைக் கட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பட்டை வந்தபிறகு அணியத்துக்குள் தூரிகை நுழைய இடம் இருக்காது.